அறுவை சிகிச்சை இல்லாமல் பெருவிரல் மூட்டுப் புடைப்பைச் சமாளிக்க முடியுமா?

வாசகர் கேள்வி: எனக்கு 54 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். கூட்டுரிமைக் குடியிருப்பு ஒன்றில் பாதுகாவல் அதிகாரியாக 9 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலை. சீருடையுடன் கறுப்பு ஷூ கட்டாயம். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலின் அடியில் எலும்பு பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. வலது கட்டைவிரல் அடுத்த விரலின் மேல் சாய்ந்துவிட்டது. மாலையானால் அந்த இடம் சிவந்து எரிகிறது. என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. நீரிழிவுக்கு 6 ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். இணையத்தில் பார்த்து, இரவில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றை வாங்கி மூன்று மாதம் கட்டிப் பார்த்தேன். காலையில் விரல் நேராக இருப்பதுபோல் தெரிகிறது. மதியத்திற்குள் பழையபடி ஆகிவிடுகிறது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்படி மகள் வற்புறுத்துகிறாள். எனக்கோ பயம், நீண்ட விடுப்பு எடுக்கவும் முடியாது. அறுவை சிகிச்சை இல்லாமல் இதைக் குணப்படுத்த முடியுமா? வீட்டிலும் கோயிலிலும் வெறுங்காலுடன் நடப்பதால்தான் இது வந்ததா?

பாதநல நிபுணரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டுக்கும் விடை வேறு. சாய்ந்துபோன எலும்பை அறுவை சிகிச்சை இல்லாமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியுமா என்றால், உங்கள் வயதில் முடியாது. பட்டை, ஜெல், பயிற்சி எதுவாக இருந்தாலும் அதைச் செய்யாது. வலி இல்லாமல் 12 மணி நேர வேலையைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப முடியுமா என்றால், பெரும்பாலானவர்களால் முடியும். என்னிடம் வருபவர்களில் பலர் முதல் கேள்விக்கான விடையைக் கேட்டதுமே மனம் தளர்ந்து, இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். உங்களை வருத்துவது வலிதான். அதற்குச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

பன்னியன் என்றும், மருத்துவ வழக்கில் ஹாலக்ஸ் வால்கஸ் என்றும் சொல்லப்படும் இந்தப் புடைப்பைப் புதிதாக வளர்ந்த எலும்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி அப்படியல்ல. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்தினுள் இருக்கும் நீண்ட எலும்பு மெல்ல மெல்ல மற்றப் பாதத்தை நோக்கி உள்பக்கமாக விலகுகிறது. பெருவிரலோ அதற்கு எதிர்த்திசையில் இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. இரண்டும் சேரும் மூட்டு மடங்கிய முழங்கையைப் போல வெளியே துருத்துகிறது. நிற்கும் நிலையில் எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் இந்தச் சாய்வை அளப்போம். 15 பாகைக்குள் இருந்தால் இயல்பு, 40 பாகையைத் தாண்டினால் கடுமையான நிலை. துருத்திய எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சிறு நீர்ப்பை உண்டு. ஷூ நாள் முழுவதும் உரசும்போது அந்தப் பை வீங்கி அழற்சி கொள்கிறது. மாலையில் நீங்கள் காணும் சிவப்பும் எரிச்சலும் பெரும்பாலும் அதனால்தான். சாய்வின் அளவும் வலியின் அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மிகவும் வளைந்த பாதத்தோடு வலியே அறியாதவர்கள் இருக்கிறார்கள். சற்றே சாய்ந்த விரலால் தூக்கம் இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

வெறுங்காலுடன் நடந்ததால் இது வரவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை விட்டுவிடுங்கள். 1958இல் ஹாங்காங்கில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று, ஷூ அணிந்து வாழ்ந்தவர்களையும், படகுகளில் வெறுங்காலுடனே வாழ்ந்தவர்களையும் ஒப்பிட்டது. ஷூ அணிந்தவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு விரல் சாய்ந்திருந்தது. வெறுங்காலர்களில் நூற்றுக்கு 2 பேருக்குத்தான் அப்படி. உங்கள் அம்மாவுக்கும் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதத்தின் அமைப்பும் மூட்டுகளின் நெகிழ்வும் குடும்பவழியில் வருபவை. அப்படி வந்த பாதத்தை முனை குறுகிய ஷூவுக்குள் 9 ஆண்டுகள் நாள்தோறும் 12 மணி நேரம் அடைத்து வைத்தால், மெதுவாக நடக்க வேண்டிய சாய்வு வேகமாக நடக்கும். நடந்துவிட்ட சாய்வு ஓயாமல் வலிக்கும்.

சிகிச்சைக்கு வருமுன் உங்கள் நீரிழிவைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீண்ட காலம் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கக்கூடும், இரத்த ஓட்டமும் குறையக்கூடும். அப்படிப்பட்ட பாதத்தில் புடைப்பின் மேல் தோல் உரசிப் புண்ணானாலும் தெரியாது, ஆறவும் நாளாகும். உங்களுக்கு எரிச்சல் தெரிகிறது என்பது ஓரளவு நல்ல அறிகுறிதான். ஆனாலும் அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நீரிழிவு நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் பாதப் பரிசோதனை செய்கிறார்கள்; மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியையும், நாடித் துடிப்பைப் பார்த்து இரத்த ஓட்டத்தையும் சோதிப்பார்கள். இந்த ஆண்டு அதைச் செய்துகொள்ளவில்லை என்றால், கீழே நான் சொல்லும் பட்டை, ஜெல், பிரிப்பான் எதையும் பாதத்தில் மாட்டுவதற்குமுன் அதைச் செய்துகொள்ளுங்கள். பரிசோதனையின்போதே இந்தப் புடைப்பைக் காட்டி, பாதநல நிபுணரிடம் அனுப்பும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

இனி ஷூவுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாச் சிகிச்சைகளும் ஷூ சரியாக இருந்தால்தான் வேலை செய்யும்.

இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய மாத நாள்காட்டியின் தாள் ஒன்றைத் திருப்பித் தரையில் போட்டு, வலது பாதத்தை அதன்மேல் ஊன்றி முழு எடையும் இறங்கும்படி எழுந்து நில்லுங்கள். மகளை விட்டு, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கோட்டின்மேல் உங்கள் வேலை ஷூவைத் தூக்கி வையுங்கள். என் அறையில் இதைச் செய்துகாட்டும்போது பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும். ஷூவின் இரு பக்கங்களிலும் பென்சில் கோடு வெளியே தெரியும். புடைப்பு இருக்கும் பக்கம் சில நேரம் சுண்டுவிரல் அகலத்துக்கே தெரியும். அவ்வளவு சதையையும் எலும்பையும் நாள்தோறும் எங்கே ஒடுக்கி வைத்தோம் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஷூ வாங்கப் போகும்போது கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கோட்டை மறைக்காத ஷூவைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

கடைக்கு மாலையில் போங்கள், நம் ஊர் வெக்கையில் காலையைவிட மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். இரண்டு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கு ஏற்றதை வாங்குங்கள். நீண்ட விரலின் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். அகலம் போதவில்லை என்பதற்காக நீளத்தில் ஓர் அளவு பெரிதாக வாங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அப்படி வாங்கினால் பாதம் நடக்கும்போது முன்னால் வழுக்கிப்போய் மறுபடியும் குறுகலான முனையிலேயே மோதும். ஒரே நீளத்தில் அகலம் கூடிய ஷூக்கள் கிடைக்கின்றன, ஆங்கில எழுத்து ‘ஈ’ எத்தனை முறை வருகிறது என்பதை வைத்து அந்த அகலத்தைக் குறிப்பார்கள். 2ஈ, 4ஈ என்று கேட்டுப் பாருங்கள். முனை வட்டமாகவும் உயரமாகவும் இருக்கட்டும். புடைப்பு படும் இடத்தில் தையல் ஓடக்கூடாது, தோல் மென்மையாக இருக்க வேண்டும். குதிகால் உயரம் 3 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், ஏனென்றால் உயரம் கூடக்கூட உடலின் எடை பாதத்தின் முன்பகுதியில் இறங்குகிறது. கயிறோ ஒட்டுப்பட்டையோ வைத்த ஷூ நல்லது, அது பாதத்தின் மேற்பகுதியைப் பிடித்துக்கொண்டு விரல்களுக்கு இடம் விடும். வெறுமனே கால் நுழைக்கும் ஷூ விரல்களை நெருக்கித்தான் கழன்றுபோகாமல் நிற்க முடியும்.

கறுப்பு ஷூ கட்டாயம் என்றால், கறுப்பிலேயே இப்படிப்பட்ட ஷூ இருக்கிறது. நிறுவனம் தரும் ஷூவைத்தான் அணிய வேண்டும் என்ற விதி இருந்தால், மருத்துவரிடமோ பாதநல நிபுணரிடமோ ஒரு கடிதம் கேட்டு வாங்கி மேலாளரிடம் கொடுங்கள். “நீரிழிவு உள்ளவர், பாதத்தில் புண் ஏற்படும் அபாயம் இருக்கிறது, அகலமான ஷூ தேவை” என்ற மூன்று செய்திகள் அதில் இருந்தால் போதும். கேட்கத் தயங்கியே ஆண்டுக்கணக்கில் வலியோடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி. புது ஷூ கிடைக்கும்வரை இப்போதைய ஷூவைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, புடைப்பு படும் இடத்தை மட்டும் இழுத்துத் தளர்த்தச் சொல்லலாம். தோல் ஷூ இடம் கொடுக்கும். பிளாஸ்டிக் கலந்தது அவ்வளவாகக் கொடுக்காது.

இடம் கிடைத்த பிறகுதான் புடைப்பின் மேல் வைக்கும் சிலிக்கான் ஜெல் மெத்தையும், விரல்களுக்கு நடுவே வைக்கும் பிரிப்பானும் உதவும். நெருக்கமான ஷூவுக்குள் மெத்தையை வைத்தால் இன்னும் நெருக்கும். பிரிப்பானைப் பற்றி 2018இல் தாய்லாந்தில் வெளியான ஆய்வில், பாதத்துக்கென்றே வார்த்துச் செய்த சிலிக்கான் பிரிப்பானை 12 மாதம் அணிந்தவர்களுக்கு வலி குறைந்தது. சாய்வு சராசரியாக 3 பாகை அளவுக்கே குறைந்தது. கண்ணாடியில் பார்த்தால் தெரியாத மாற்றம் அது. வலி குறைவதற்காக அணியலாம், விரல் நேராகும் என்று அணிய வேண்டாம். இரவில் கழற்றிக் கழுவி உலர்த்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் விரலிடுக்கு நாள் முழுதும் நனைந்தே இருந்தால் சேற்றுப்புண் வந்துவிடும். உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய புண்ணும் அங்கிருந்துதான் தொடங்கும். மருந்துக் கடைகளில் ஆணிக்காலுக்கென்று விற்கும் மருந்துப் பட்டையைப் புடைப்பின்மேல் ஒருபோதும் ஒட்டாதீர்கள். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

இரவுப் பட்டையைப் பற்றி நீங்களே சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். படுத்திருக்கும் பாதத்தின்மேல் எடை இல்லை, பட்டை இழுத்த பக்கம் விரல் போகிறது. எழுந்து நின்றதும் எடையும் தசைநாண்களும் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகின்றன. மூன்று மாதத்திற்கு மாற்றாக மூன்று ஆண்டு கட்டினாலும் இதே கதைதான். காலையில் விறைப்புக் குறைந்து இதமாக இருக்கிறது என்றால் கட்டுவதில் தவறில்லை, ஆனால் உங்கள் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கும்வரை அதை எடுத்து வையுங்கள். இறுக்கிய பட்டை இரவில் தோலை அழுத்துவது, உணர்ச்சி மங்கிய பாதத்துக்குத் தெரியாது.

ஷூவுக்குள் வைக்கும் உட்தளத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2001இல் பின்லாந்தில் 209 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு இதில் தெளிவாகப் பேசுகிறது. உட்தளம் அணிந்தவர்களுக்கு, சிகிச்சை எதுவும் இல்லாமல் காத்திருந்தவர்களைவிட ஆறு மாதத்தில் வலி குறைவாக இருந்தது. ஓராண்டு முடிந்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களே அப்போது நல்ல நிலையில் இருந்தார்கள். ஆகவே பாதம் தட்டையாகவோ, நடக்கும்போது உள்பக்கம் சரிவதாகவோ இருந்தால் உட்தளம் செய்துதருவேன். எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விலை உயர்ந்த உட்தளத்தை வாங்கிவிட்டு, அதை வைக்க இடமில்லாத ஷூவோடு வருபவர்களும் இருக்கிறார்கள். பணத்தை முதலில் ஷூவில் போடுங்கள்.

பயிற்சிகளில் மூன்றை நான் சொல்வதுண்டு. உட்கார்ந்து ஒரு கையால் பாதத்தின் முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெருவிரலை மெதுவாக முன்னால் இழுத்து, மற்ற விரல்களைவிட்டு விலக்கிப் பத்து விநாடி வையுங்கள். பத்து முறை போதும். அடுத்து, குதிகாலைத் தரையில் ஊன்றியபடி ஐந்து விரல்களையும் உயர்த்தி, விசிறிபோல் விரித்து, முதலில் சுண்டுவிரலையும் பிறகு பெருவிரலையும் கீழே இறக்குங்கள். பெருவிரலை விலக்கும் தசை பல ஆண்டுகளாகச் சும்மா இருந்திருக்கும், முதல் வாரம் அது சொன்னபடி கேட்காது. மூன்றாவது, சுவரில் கைவைத்து ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கெண்டைத்தசையை அரை நிமிடம் இழுத்துப் பிடிப்பது, ஏனென்றால் இறுகிய கெண்டைத்தசை எடையைப் பாதத்தின் முன்பகுதிக்குத் தள்ளுகிறது. மூட்டு விறைக்காமல் இருக்கவும் வலி தணியவும் இவை உதவும்.

சிவந்து எரியும் மாலைகளில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். இதுவும் உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான். வலி நிவாரணக் களிம்பைப் பூசலாம். அழற்சி தணிக்கும் மாத்திரைகளை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். நீரிழிவோடு சிறுநீரகப் பாதிப்போ இரத்த அழுத்தமோ இருந்தால் அவை கெடுதல் செய்யும். நீர்ப்பை அதிகமாக வீங்கினால் மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அது சில வாரம், சில மாதம் தாங்கும். ஊசிக்குப் பிறகு சில நாள் உங்கள் சர்க்கரை ஏறும், எனவே நீரிழிவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: மெட்டி. சாய்ந்துவரும் பெருவிரல் இரண்டாம் விரலின் மேல் ஏறும்போது நடுவில் அகப்படுவது மெட்டிதான். நம் பெண்களின் பாதத்தைப் பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது இரண்டாம் விரலைச் சுற்றி மெட்டி பதிந்த பள்ளத்தை. சிலருக்கு அதன் ஓரத்தில் தோல் தடித்திருக்கும், சிலருக்கு அதன் அடியில் வெடித்திருக்கும். திருமணத்தன்று போட்டதைக் கழற்றச் சொல்வது எளிய பேச்சல்ல என்பது எனக்குத் தெரியும். வேலை நேரத்தில் மட்டுமாவது கழற்றி வையுங்கள், அல்லது மெல்லிய, தளர்வான வளையத்துக்கு மாறுங்கள். கழலவில்லை என்றால் பிடுங்கி இழுக்க வேண்டாம். மருந்தகத்திலோ நகைக்கடையிலோ வெட்டி எடுத்துவிடலாம்.

வெறுங்கால் நடை உங்கள் நோய்க்குக் காரணம் அல்ல என்று சொன்னேன். இனிமேல் அது வேண்டாம் என்று சொல்வது நீரிழிவுக்காக. வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்ள, முன்பக்கம் அகலமான, குதிகாலில் பட்டை வைத்த மெத்தென்ற காலணி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பூசை அறை வாசலில் கழற்றிவிடலாம். கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வெயில் ஏறுவதற்குமுன் போய் வாருங்கள், சுடும் தரையில் பிரகாரம் சுற்ற வேண்டாம், வீடு திரும்பியதும் கால் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். தைப்பூசப் பாதயாத்திரையை, பாதப் பரிசோதனை முடிந்து மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு முடிவு செய்யுங்கள்.

உங்கள் மகள் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். ஷூ மாற்றி, மற்றவற்றையும் ஒழுங்காகச் செய்து ஆறு மாதம் ஆன பிறகும் வலி வேலையைக் கெடுக்கிறது, அல்லது இரண்டாம் விரல் இடம்பெயர்ந்து அதன் மூட்டும் வலிக்கிறது என்றால், எலும்பு அறுவை மருத்துவரைப் பார்க்க நானே கடிதம் எழுதுவேன். எலும்பை வெட்டித் திருத்தும் சிகிச்சை அது. ஏறத்தாழ ஆறு வாரம் சிறப்புக் காலணியோடு நடக்க வேண்டும். வீக்கம் முழுதாக வடிய இன்னும் பல மாதம் ஆகும். நின்றே செய்யும் வேலைக்குத் திரும்ப அதற்கேற்ற விடுப்பும் வேண்டும். சிலருக்குச் சாய்வு மீண்டும் வருவதும் உண்டு. வலி இல்லாத பாதத்தை அழகுக்காக அறுத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் புண் ஆறுவது எளிது என்பதால், அந்த முடிவுக்கு வரும் நாளுக்காகவும் இப்போதே சர்க்கரையைக் கவனியுங்கள்.

இவை எவற்றுக்கும் காத்திராமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைகளும் உண்டு. புடைப்பின்மேல் தோல் உடைந்து நீரோ சீழோ வந்தால், சிவப்பு பாதத்தின்மேல் பரவினால், காய்ச்சல் கண்டால் உடனே போங்கள். ஒரே இரவில் அந்த மூட்டு வீங்கிச் சூடாகி, போர்வை பட்டாலே உயிர்போவதுபோல் வலித்தால் அது கௌட் எனப்படும் யூரிக் அமில வாதமாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

பாதநல நிபுணரைப் பார்க்கப் போகும் நாளில் வேலை ஷூ, வீட்டுச் செருப்பு, அந்த இரவுப் பட்டை, பென்சில் கோடு போட்ட தாள் ஆகிய நான்கையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஷூவின் அடிப்பக்கம் தேய்ந்திருக்கும் விதத்தை வைத்தே உங்கள் நடையைப் பற்றி நிறையச் சொல்லிவிட முடியும். மகளையும் அழைத்துச் செல்லுங்கள். பாட்டிக்கும் அம்மாவுக்கும் இருந்த பாதம் அவருக்கும் வந்திருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடலாம்.